லென்ஸ் சொன்ன தூரம்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் பாதரசம் என்று பெயர். வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கையில் சாவிக்கொத்து ஆடும், படுத்தால் கட்டிலே ஆடும். சாப்பிடும்போதுகூட நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. இப்படிப்பட்ட ஆளுக்கு பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது நான் செய்த புண்ணியம். உட்கார்ந்தே இருந்தாலும் ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறதல்லவா!

அவர் அசையாமல் நிற்பது ஒரே ஒரு சமயத்தில்தான், அந்தக் கேமராவைக் கண்ணில் வைக்கும்போது. இழுத்து மூடப்போன ஏதோ ஸ்டூடியோவில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஆகவே அது மூத்த தாரம், நான் இளையவள். கறுப்புப் பெயின்ட் தேய்ந்து மூலைக்கு மூலை பித்தளை பல்லை இளிக்கும். பேட்டரி கிடையாது, ஃபிலிம் போட வேண்டும், கனமோ இஸ்திரிப்பெட்டிக் கனம். எங்கள் மகள் செல்போனில் நூறு படம் எடுக்கும் நேரத்தில் இவர் ஒன்று எடுப்பார். ஆனால் அந்த ஒன்றில் ஆளின் இமை மயிரை எண்ணலாம். அதில் எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள் அந்த வகைக் கேமராவை. லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்று மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் எதிரே நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. ஆள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்பதும் வளையத்தின் மேலேயே பொறித்திருக்கும் எண்ணில் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற புருஷன்மார் சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள்.

பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்கிற நேரமெல்லாம் படம்தான். கண்டக்டர்கள், டயர் மாற்றுகிறவர்கள், தினமும் வருகிற பயணிகள் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. பிரதி போட்டு அவரவர் கையில் கொடுத்தும் விடுவார்.

இந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு கழுவி வந்த ஒரு ரோலில் எல்லாப் படமும் கலங்கலாக இருந்தது. லேப்காரன் கெடுத்துவிட்டான் என்றார். லேபை மாற்றினார். அடுத்த ரோலும் அதே கதி. உடனே பழி எங்கள் மேல் பாய்ந்தது.

"யாரு கீழே போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்." இதைச் சொல்லும்போதே திட்டுகிற குரல்தான்.

மகள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. நான் தூசி தட்டுவதோடு சரி. கேமரா ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனார். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார் அவர். இவர் விடுவாரா? மறுபடியும் போய்ச் சண்டை போட்டார். ரிப்பேர்க்காரர் தாமே ஒரு ரோல் எடுத்துக் கழுவி மேஜையில் பரப்பிக் காட்டினார். எல்லாம் கத்தி மாதிரிக் கூர்மை. இவர் வீட்டுக்கு வந்து, "அந்தாளுக்குத் தொழிலே தெரியலை" என்றார்.

அப்புறம் வீட்டில் நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் கேமரா, டூட்டி முடிந்து வந்ததும் கேமரா. பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. மகள் படிக்க முடியவில்லை என்று குளியலறைக்குள் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். நானே பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டேன்.

நான் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் செக்கிங் பார்ப்பவள். குறை எங்கே என்று தேடுவதுதான் என் பிழைப்பு. காலர் கோணியிருந்தால் முதலில் துணியைப் பார்ப்பேன், பிறகு மெஷினை, கடைசியாகத் தைத்தவளை. இங்கே லேபைப் பார்த்தாயிற்று, கேமராவையும் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தவர் என் எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க. வராந்தாவுக்கு வாங்க. என்னை ஒரு படம் எடுங்க."

"ஃபிலிம் இல்லை."

"பரவாயில்லை, ஃபோகஸ் மட்டும் பண்ணுங்க."

எங்கள் மாடியில் நீளமான பொது வராந்தா. எங்கள் வாசலில் அவரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவுகளையெல்லாம் தாண்டி மாடிப்படி ஓரத்தில் போய் நின்றேன். அவர் திருகினார். திரும்பத் திருகினார். கேமராவை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூக்கு நுனியில் வியர்வை.

"ஆச்சா?"

"இரு, இரு... ம், இப்ப ஆச்சு. ஒண்ணாயிட்டே."

"வளையத்தைத் தொடாதீங்க. அப்படியே இருங்க."

நடந்து வந்து, அவர் கையில் இருந்தபடியே குனிந்து லென்ஸின் எண்ணைப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர். அவ்வளவு கிட்டத்தில் நின்றிருந்தால் ஒரு எட்டு வைத்து அவர் மூக்கைப் பிடித்திருக்கலாம். மகளைக் கூப்பிட்டு நான் நின்ற இடத்தில் நிறுத்தி, நானே திருகிப் பார்த்தேன். இரண்டு மகள்கள் வழுக்கிக்கொண்டு வந்து ஒரே மகளானார்கள். எண் பத்து மீட்டருக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அவள் என்னைப் பார்த்துத் திருகினாள், அதே பத்து.

"அப்பாவுக்கு மட்டும் அம்மா ரொம்ப நெருக்கம் போல" என்று சிரித்தாள் மகள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவரைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகித் திருகி விளையாடினார். கையைத் தட்டிவிட்டேன்.

"மழைக்கு முன்னாடியே. எது நின்னாலும் பக்கத்துல இன்னொண்ணு நிக்குது. சிக்னல்ல மூணு விளக்குன்னா எனக்கு ஆறு."

"அப்ப கேமரா கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சண்டை போட்டது?"

"கேமராவாவே இருந்துடக் கூடாதான்னு பார்த்தேன்."

"சரி, எப்படி வண்டி ஓட்டறீங்க?"

"இடது பக்கம் தெரியறதுதான் நிஜம். வலது பக்கத்தது கொஞ்சம் வெளிறி இருக்கும். பழகிப்போச்சு. இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா?"

"குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தா?"

"ரெண்டு குழந்தைக்கும் சேர்த்துத்தான் பிரேக் போடுவேன்."

வேடிக்கை பண்ணுகிறாராம். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். அப்போதுதான் உண்மையான பயம் வெளியே வந்தது.

"டாக்டர் எழுதிக் கொடுத்துருவாரு. அப்புறம் வண்டி தர மாட்டாங்க. டிப்போ ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டு, போற வண்டி வர்ற வண்டியைப் பார்த்து எழுதச் சொல்வாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரே நாற்காலி. என்னால முடியாதும்மா. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். வர்ற மாசம் பார்த்துக்கலாம்."

பாவமாகத்தான் இருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, அந்த மனிதருக்கு நாற்காலி எப்பேர்ப்பட்ட தண்டனை என்று! ஆனால் அவர் பஸ்ஸில் தினமும் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள். டிப்போவுக்கு நானே போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். தன்னால் ஓட்ட முடியும் என்ற நினைப்பு மட்டும் இறங்காது. பத்தே நாளில் வேறு எவனுடைய வேனிலாவது ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அந்த மூத்த தாரத்துக்குத் தெரிந்ததைவிட இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போன கையோடு மகளை எழுப்பினேன். டிப்போ எங்கள் தெருமுனையில்தான், முதல் ஸ்டாப் அதன் வாசலிலேயே. அவருடைய பஸ் வந்து நின்றதும் முன்பக்கமாக ஏறி, அவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் இருவரும் உட்கார்ந்தோம். கண்டக்டர், "என்னம்மா, குடும்பத்தோட ஊர்வலமா?" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். வண்டி நிறைந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ரெண்டு பேரும் எங்கே கிளம்பிட்டீங்க?"

"உங்ககூடத்தான். கடைசி ஸ்டாப் வரைக்கும்."

"ஃபேக்டரி? இவளுக்கு ஸ்கூல்?"

"ரெண்டுக்கும் லீவு."

அவர் கை கியருக்குப் போயிற்று, திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை. ஓட்டிவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தே வரவில்லை. மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"இறங்குங்க" என்றார், திரும்பாமலே.

"ஏன்? டிக்கெட் வாங்கியாச்சு."

"இறங்குன்னா இறங்கேன். உங்களை வெச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பி, எங்களைத் தாண்டி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவர்களையெல்லாம் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். சீட்டைவிட்டு எழுந்து அவர்கள் முன்னால் நின்றார்.

"எல்லாரும் இறங்கிக்குங்க. வேற டிரைவர் வருவாரு. எனக்குக் கண்ணு சரியில்லை."

முணுமுணுப்பும் திட்டுமாக இறங்கத் தொடங்கினார்கள். அந்த நர்ஸ் மட்டும் அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"நேத்து ஞாயிறு, விடுங்க. முந்தாநாள் நான் உங்க வண்டியிலதானே வந்தேன்?"

"ஆமாம்மா, வந்தீங்க."

"என் பையனும் வந்தான்."

"வந்தான்மா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்."

அவள் ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே இறங்கிப் போனாள். அவர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆனாலும் டிப்போ ஆபீஸ் வாசல் வரைக்கும் அவர் கையை நான் விடவில்லை.