சூளையில் சுட்ட திருஷ்டிப் பொட்டு

கற்பூர வாடை வீசிய அந்தக் கவுனின் கழுத்துப் பட்டி குத்திய குத்து இன்னும் நினைவிருக்கிறது. அது என்னுடையதல்ல, இலங்கை மலைநாட்டு மடுல்கெல்லவில் எங்கள் கோப்பித் தோட்டத்துத் துரையின் மகள், காய்ச்சலில் செத்துப்போன குழந்தை, போட்டிருந்தது. அவளைத் தூக்கி வளர்த்த ஆயா என் அம்மா. மகளின் முகத்தைப் பதக்கமாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்ட துரையின் மனைவி, எங்கள் "தொரைசானி", கண்டியிலிருந்து படம் தீட்டும் ஒருவரை அழைத்து, வயதும் முகவெட்டும் ஒத்திருந்த என்னை அவர் முன்னால் உட்காரவைத்து, முடிக்கும் கண்ணுக்கும் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் கரையிறங்கி மலைக்கு நடந்து வந்த வழியில் என் தங்கையைப் பேதிக்குப் பறிகொடுத்தவள். மிஞ்சியது நான் ஒருத்தி. "செத்த புள்ள உடுப்பப் போட்டுக்கிட்டு, ஒருத்தன் நாள் பூரா உத்துப் பாத்தா வெளங்குமா?" என்று முணுமுணுத்தபடி தினமும் என் இடது கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பினாள்.

படக்காரர் அதை மச்சம் என்று நினைத்துவிட்டார், பாவம். கண்ணாடிப் பொடியைக் குழைத்து, காசளவு செப்புத் தகட்டில் தீட்டி, கரிச்சூளையில் சுட்டுச் சுட்டு எடுத்தார். வெளியே வந்த முகத்தில் பூனைக்கண், பொன்னிற முடி, என் மூக்கு, அம்மாவின் பொட்டு.

தொரைசானி பெருவிரலால் அதைத் தேய்த்தாள். போகவில்லை. என் கன்னத்தைப் பார்த்தாள்.

"போச்சுடி, நம்ம பொழப்பு போச்சு" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

"ஆயா, இது ஏன்?" என்றாள் தொரைசானி, தனக்குத் தெரிந்த தமிழில்.

"கண்ணு படாம இருக்கத்தாங்க. புள்ள நல்லா இருக்க."

"எங்க பேபிக்கு ஏன் வைக்கல்லே?"

அம்மா குனிந்து என் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டாள். யாரும் அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து அரித்தது, அவ்வளவுதான்.

அடுத்த குழந்தை பிறந்தபோது தொரைசானியே அதைத் தூக்கிவந்து அம்மாவிடம் கன்னத்தைக் காட்டினாள்.

கோப்பி இலைநோயில் போயிற்று, அவர்களும் கப்பலேறிப் போனார்கள், அந்த மலை முழுக்க இப்போது தேயிலை. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று பேத்தி கேட்டால், பூனைக்கண்ணோடு வெள்ளையாகச் சீமையில் ஏதோ பெட்டிக்குள் கிடக்கிறேன் போய்ப் பார் என்பேன், சிரிப்பாள். அவள் குழந்தைக்கு மை வைப்பது நான்தான். கை தன்பாட்டில் வைக்கிறது.

மன்னாரிலிருந்து நடந்து வந்த அந்த வழி நெடுக என் தங்கைக்கும் அம்மா தினமும் பொட்டு வைத்தாள். அதை அவள் தொரைசானியிடம் சொல்லவே இல்லை.