கறிவேப்பிலைக்கு வைத்த அலாரம்

இன்று நடந்ததை, என் பிழையையும் சேர்த்து, உள்ளபடியே எழுதுகிறேன்.

பனிக்காலத்தில், நாங்கள் இருக்கும் இந்த வடதேசத்து ஊரான அம்மருட்டில் வெயில் ஏது? அதனால் அம்மாவின் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு குட்டிக் கணினியைப் பூட்டியிருந்தேன். காலையில் ஒரு அலாரம் விளக்கைப் போடும். மதியம் இன்னொன்று தண்ணீர் விடும்.

விளக்கு எரிந்தது. தண்ணீர் வரவேயில்லை.

"இன்னும் ஒரு இலை விழட்டும், உந்தப் பெட்டியைக் குப்பையிலை போடுறன்," என்றார் அம்மா.

இன்று காலை தங்கச்சியை எழுப்பப் போனேன். அவள் எழும்பும்வரை கட்டிலிலேயே இருந்துவிட்டேன்.

"எழுப்பிப்போட்டு வா எண்டால் அங்கையே குந்திக்கொண்டு இருக்கிறாய்! இஞ்சை தோசை கருகுது, ஆர் பாக்கிறது?" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்போதுதான் விளங்கியது. என் காலை அலாரமும் இப்படித்தான். விளக்கைப் போட்டுவிட்டு, அதை அணைக்கும் நேரம்வரை அங்கேயே காத்து நின்றது. அந்தக் கணினி ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்கும்; தண்ணீர் அலாரத்துக்கு முறை கிடைத்தபோது அதன் நேரம் கடந்திருந்தது.

நிரலை மாற்றி எழுதினேன். இனி அது விளக்கைப் போட்டு, அணைப்பதற்கு ஒரு டைமரைத் தொடக்கிவிட்டு, உடனே திரும்பிவிடும்.

மதியம் அம்மாதான் முதலில் கத்தினார்: "ஓம் பிள்ளை, தண்ணி வருது!"

அப்பாடா. பெட்டி தப்பியது. தோசைக்குத்தான் இன்னும் மன்னிப்பில்லை. உங்கள் வீட்டிலும் எழுப்பப் போய் அங்கேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டா?

மாலை சரியாக ஆறு மணிக்கு, யாரும் தொடாமலே, விளக்கு அணைந்தது.