மூன்று சக்கரத்தில் மாட்டிய புரொபசர்

அந்த சைக்கிள் கடையில் அவருக்குப் பெயர் புரொபசர். மடக்கிப் பைக்குள் வைக்கிற சைக்கிளா, இருவர் சேர்ந்து மிதிப்பதா, மல்லாந்து படுத்தபடி ஓட்டுவதா, ஊரில் எவரும் கேட்காததைக் கேட்டு யாராவது வந்தால் முதலாளி கண்ஜாடை காட்டுவது இவரைத்தான். இவரும் பற்சக்கரம் முதல் சீட்டின் பஞ்சு வரை பிட்டுப் பிட்டு வைப்பார். கேட்டவர் வாயைப் பிளந்தபடி வாங்கிக்கொண்டுதான் போவார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை விழுந்ததோடு சரி. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவளும் பாவம் என்று வெளியே மூச்சுவிடவில்லை. யாராவது ஓட்டிக் காட்டச் சொன்னால், "நான் ஓட்டி என்னங்க ஆகப்போகுது, நீங்க ஏறிப் பாருங்க" என்று நழுவிவிடுவார். விஷயம் வெளியே வந்தால் புரொபசர் பட்டமும் போகும், பிழைப்பும் போகும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் ஓர் அம்மா வந்தார். பெரியவர்கள் ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் வேண்டும், யாராவது ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்றார். கேட்பாரற்று மூலையில் கிடந்த ஒன்றை முதலாளியே ஆசையாய்த் தெருவில் இறக்கினார். இளவயதில் சைக்கிள் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர், சொல்லவா வேண்டும். ஏறி மிதித்தார். திருப்பத்தில் பழக்கதோஷத்தில் ஹேண்டிலைத் திருப்பாமல் உடம்பைச் சாய்த்தார். வண்டி சாயவில்லை, நேரே போய் எதிர்க்கடைச் சுவரில் முட்டியது.

"வண்டியில ஏதோ கோளாறு. நீ பாருப்பா" என்றார் முழங்கையைத் தேய்த்தபடி.

தப்பிக்க வழியில்லை. புரொபசர் ஏறினார். ஹேண்டிலைத் திருப்பிய பக்கம் வண்டி திரும்பியது. தெருக்கோடி வரை போய், வளைந்து, அழகாக வந்து நின்றார். முகத்தில் காற்றடித்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

"ஓட்டத் தெரிஞ்சவங்க எல்லாரும் இதுல முட்டிக்கிறாங்க" என்றார் அந்த அம்மா. "போன கடையிலயும் இதே கதைதான். ரெண்டு சக்கரம் பழகாதவங்கதான் இதை ஒழுங்கா ஓட்டுவாங்க. நீங்க பழகினதே இல்ல போல?"

புரொபசருக்குத் திக்கென்றது. முதலாளிக்கோ முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, எனக்கு ஓட்டத் தெரிஞ்சதால வந்த வினை" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அந்த அம்மா சொன்னதன் மறுபாதி பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெல்லத் திரும்பினார்.

"அப்போ நீ?"

புரொபசர் இன்னும் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார். வேலை போவது போகட்டும்; இப்போது இறங்கினால் வண்டி அந்த அம்மாவோடு போய்விடும். பெடலை அழுத்தி, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.