விசாரணை வேறங்க, விசேசம் வேறங்க

அறுபதுகளில் கோயமுத்தூரில் மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு விடியும். சண்டையில்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். "நீங்கெல்லாம் மனுசனுங்களா?" என்று கத்திவிட்டு, அதே ஆளோடு டீ குடிக்கப் போவோம். நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நான் மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தேன். முன்கோபி. ஒருநாள் பக்கத்து ஆளின் வேட்டி மிசின் பெல்ட்டில் சிக்கிக்கொள்ள, ஓடிப்போய் மிசினை நிறுத்தினேன். விவரம் கேட்காமல் ஸ்பின்னிங் மாஸ்டர் சத்தம் போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே மிசினை நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சஸ்பெண்டு.

விசாரித்தவர் மில்லின் லேபர் ஆபீசர். மாஸ்டர் தும்மினால்கூட எழுதிக்கொண்டார். நான் வேட்டி என்று வாயெடுத்தாலே, "அது இருக்கட்டுங்க" என்பார். அந்தப் பக்கத்து ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடவும் விடவில்லை. இரண்டு முறை இப்படியே முடிந்தது. வேலை போய்விடும் என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்று பிள்ளைகள்.

அந்த வாரம் அதே ஆபீசர் சம்சாரத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் கல்யாணப் பத்திரிகை! எங்கள் பக்கம் விசேசத்துக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டால் பெரிய குறை. "விசாரணை வேறங்க, விசேசம் வேறங்க. என் பையன் கல்யாணம். குடும்பத்தோட வந்துபோடோணும்" என்றார். மோர் கொடுத்தோம். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் மனைவி பத்திரிகையைப் படித்தாள்.

"ஏனுங்க, பொண்ணோட அப்பா உங்க மாஸ்டருங்களா?"

அடக் கெரகமே! சம்பந்தி கொடுத்த பிராதைச் சம்பந்தியே விசாரிக்கிறார்.

ஆளை மாற்றச் சொல்லி மனுக் கொடு, பத்திரிகையையும் சேர்த்து வை என்றார் யூனியன் செயலாளர். எனக்கு மனசு வரவில்லை. "ஊடு தேடி வந்து கூப்பிட்டவரு. அது மரியாதையா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"அப்பச் செரிங்க. அந்த மரியாதையவே ஆக்கிப் போடறன், உக்காந்து சாப்பிடுங்க" என்றாள்.

மறுவாரம் மனுவையும் பத்திரிகையையும் ஆபீசர் மேசையில் வைத்தேன். "தப்பா நெனச்சுக்காதீங்க. மாஸ்டருக்கு நீங்க சம்பந்தி ஆகப் போறீங்க. வேற யாராச்சும் விசாரிக்கட்டுங்க."

"கூப்பிட வந்ததுக்கு இதுங்களா?" என்றார். கூசிப்போனேன். பத்திரிகையை எடுத்துப் பெண் வீட்டார் பேரை ஒருமுறை படித்தார். பிறகு, தான் விலகிக்கொள்வதாக அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

அடுத்து விசாரிக்க வந்தவர் வெளியூர் வக்கீல். முதல் கேள்வியே, "மிசின நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆளே போயிருப்பானுங்க."

தலை நிமிராமல் எழுதினார். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். வேலை திரும்பக் கிடைக்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு வீடு வரைக்கும் சைக்கிளை மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். வாசலிலேயே நின்று சொன்னேன்: "அம்மணி, நாஞ் சொன்னத எழுதிக்கிட்டாரு."