ஈடுகட்ட ஏலாத ஒரு வரி

நான் பழி வாங்கியிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாரையும் ஏசாமல், ஏழு நாளில் வாங்கினேன். அதற்கு வழி காட்டியது அமெரிக்கக் கால்பந்து. அந்த விளையாட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை.

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் ஆள் ஒருவர் நடத்திய உணவகத்தில் ஆறு வருடம் சமைத்தேன். என் வேலை அனுமதிக்கான அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர் அந்த முதலாளிதான். அதை அவர் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. எங்கே போவதென்றாலும் தனக்கு ஒரு சொல் சொல்லவேண்டும் என்பார். சொன்னால் போக முடியாது.

எங்கள் முதலாளிமாருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய சமையல்காரரை மற்றவர் எடுப்பதென்றால் முதலில் போன் எடுத்துக் கேட்கவேண்டும். கோயில் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள், முகம் முறிக்கமாட்டார்கள். ஹனோவரில் இருந்து ஒருவர் கூடச் சம்பளத்துக்குக் கேட்டார். அதே சம்பளத்தைத் தானும் தருவதாக என் முதலாளி சொன்னதும் அவர் ஒதுங்கிக்கொண்டார். இன்னொருவர் ஞாயிறு லீவு தருவதாகச் சொன்னார். இவரும் தந்தார், இரண்டு மாதத்தில் சத்தமில்லாமல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தானாக ஒருநாளும் ஒன்றும் தந்ததில்லை.

அதையெல்லாம் பொறுத்தேன். பாரிஸில் தங்கச்சியின் கலியாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டபோது, நான் இல்லாமல் அடுப்படி ஓடாது என்றார். அதே கிழமை அவருடைய மச்சான் பாரிஸுக்கு உலாத்தப் போனார். அந்த மச்சான்தான் எங்கள் தலைமைச் சமையல்காரர். முதலாளியின் மனைவி தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த பட்டம் அது. அவர் ஒரு வெங்காயம் வெட்டி நான் கண்டதில்லை. தங்கச்சிக்குத் தாலி ஏறிய கெட்டிமேளத்தை நான் ஒரு கையில் போனும் மறுகையில் அகப்பையுமாகக் கேட்டேன். அந்த வன்மம் கரையவேண்டும் என்று நான் ஒருநாளும் விரும்பவில்லை.

எங்களுக்குக் கோழி கொண்டுவரும் ஜெர்மன்காரர் ஒருவர் இருந்தார். வாசலை அடைத்து நிற்கும் ஆள், உள்ளூர்க் கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடுவார். ஊரெல்லாம் உலகக்கோப்பையைப் பற்றிப் பேசிய அந்த வசந்தத்தில், அவர் மட்டும் அமெரிக்காவில் நடந்த ஆள் பிடிப்பைப் பற்றிப் பேசினார். அங்கே மூன்று பருவம் ஆடி ஒப்பந்தம் முடிந்தவருக்கு அரைச் சுதந்திரம்தானாம். பழைய அணி ஒரு வருடச் சம்பளத்தை முன்வைத்து அவரில் ஒரு பிடி வைத்திருக்கும். வேறு அணி கூடுதலாக எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஏழு நாளுக்குள் பழைய அணி, அதில் உள்ளதை அப்படியே தருகிறோம் என்றால் ஆள் அவர்களுக்கே. விட்டுவிட்டால், அடுத்து புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும்போது புதிய அணியின் முறை ஒன்று அவர்களுக்கு ஈடாகக் கிடைக்கலாம்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனேன். அவர் என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் இப்படிக் கட்டுப்பட்டிருந்த ஒருவரை இழுக்க, ஓர் அணி கடதாசியில் ஒரு வரி சேர்த்ததாம். அவருடைய வரிசையில் அவரைவிடக் கூடச் சம்பளம் வாங்குபவர் யாராவது இருந்தால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கொடுக்கவேண்டும். புதிய அணியில் அப்படி ஒருவரும் இல்லை. பழைய அணியில் ஒருவர் இருந்தார். அவர்களால் ஈடுகட்ட முடியவில்லை.

அடுத்த மாதம், வுப்பர்டாலில் உணவகம் திறக்கவிருந்த எங்கள் ஆள் ஒருவர் என்னைக் கேட்டார். போன் எடுக்கவேண்டாம், கடிதமாகத் தாருங்கள், நான் சொல்லும் ஒரு வரியையும் சேருங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்.

முதலாளி கடிதத்தை நின்றபடியே வாசித்தார். சம்பளத்துக்கும் ஞாயிறு லீவுக்கும் உடனே தலையாட்டினார். கடைசி வரியில் நின்றுவிட்டார். அடுப்படியில் இந்தச் சமையல்காரருக்கு மேல் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அதில் இருந்தது.

"இதிலை உள்ளதெல்லாம் நீங்களும் தந்தால் நான் நிக்கிறன் அண்ணை," என்றேன். "ஏழு நாள் பொறுப்பன்."

இரண்டாம் நாள், இரண்டு பேருமே தலைமையாக இருக்கலாமே என்று கேட்டார். கடிதத்தில் அப்படி இல்லை என்றேன். நான்காம் நாள் முதலாளியின் மனைவி வந்து அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டா. தன் தம்பியை இறக்கினால் தானும் வீட்டில் இருக்கப்போவதில்லை என்று அவ சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் தாளித்ததில்லை.

ஏழாம் நாள் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

"உனக்கு நான் என்ன குறை வைச்சனான் தம்பி?"

"நாலு நாள், அண்ணை."

எந்த நாலு நாள் என்று அவருக்கு விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

ஒரு வருடம் கழித்து அந்த மச்சான் வுப்பர்டாலுக்கு என்னைத் தேடி வந்தார். மெலிந்திருந்தார், விரல்களில் வெட்டுக்காயம். இப்போது அடுப்படி முழுக்கத் தன் தலையில்தான் என்றார். லண்டனில் இருக்கும் இன்னொரு தமக்கையின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்காம், இரண்டு நாள் லீவு கேட்டும் அத்தான் விடவில்லையாம். என்னிடம் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டார்.

வேலை இருந்தது. ஆளும் தேவைப்பட்டது. தேத்தண்ணி போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"வாங்கோ," என்றேன். "முதல்லை அத்தானுக்கு ஒரு சொல்லு சொல்லிப்போட்டு வாங்கோ."