படகின் மூக்குக்குப் போன பேட்டரிகள்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த எங்களுக்கு மழை தெரியும், மூடுபனி தெரியும், காலில் ஏறும் அட்டை தெரியும், படகு தெரியாது. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து சித்தி ஒரு படகுக்காரரைக் கட்டிக்கொண்டு மொனராகலைப் பக்கம், வெயிலும் கரும்புமான ஊருக்கு இறங்கிப் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. கல்யாணத்துக்கு முன் பதுளை டவுனில் லொறிகளுக்கு வயரிங் செய்யும் கராஜில் வேலை பார்த்தவள். குறடும் டெஸ்டரும் அவளோடு போயின.

சித்தப்பாவின் படகு சின்னது, பழையது. பெரிய குளத்தின் அக்கரை ஆட்களைச் சந்தைக்கு ஏற்றிவந்து இறக்குவது தொழில். மோட்டார் பின்னால், இரண்டு பேட்டரியும் பின்னால், சித்தப்பாவும் பின்னால். மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, முன்னால் இருப்பவருக்கு மேகம் மட்டும் தெரியும். ஒருநாள் நடுக்குளத்தில் பின்பக்கம் தண்ணீர் புகுந்து, வயர் நனைந்து, மோட்டார் செத்துப்போனது. அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. “சொர்க்கத்துக்குப் போற படகுய்யா இது” என்று கரையில் சிரித்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் படகை விற்றுவிட்டுக் கரும்பு வெட்டப் போக வேண்டும். பள்ளிக்கூட லீவுக்கு நான் போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

பேட்டரிகளை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் சித்தி. எவ்வளவு முன்னுக்கு? கொழுந்து தராசில் என்னைத் தொங்கவிட்டு விளையாடியவள் அவள். என் எடை அவளுக்கு அத்துப்படி; இரண்டு பேட்டரியும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே பாரம். பேட்டரிகளைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, என்னை மூக்குப் பலகையில் உட்காரவைத்தாள்.

“ஆடாம இரு. இப்ப நீதான் பேட்டரி.”

கொஞ்சம் பின்னே, இன்னும் கொஞ்சம் முன்னே என்று நகர்த்தி நகர்த்தி, படகு தண்ணீரில் தட்டுப்போல் படுத்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முழுப் படகும் என் பாரத்தில் பணிந்தது.

பழைய வயரையே ஒட்டுப்போட்டு நீட்டினால் ஆகாதா என்று சித்தப்பாவுக்கு. நீட்டியும் பார்த்தார். மோட்டார் டக் என்றது. அதோடு சரி, சுற்றவில்லை.

“தூரம் கூடுனா வயரும் தடிக்கணுங்க” என்றாள் சித்தி, சிரிக்காமல்.

தடித்த வயர் வந்தது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. தண்ணீர் எட்டாத உயரத்தில், பக்கப் பலகையின் விளிம்புக்குக் கீழே பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடவிட்டு, சாண் சாணாகக் கிளிப் அடித்தாள். பேட்டரிகளுக்கு மரப்பெட்டி, அசையாதபடி பட்டி, பக்கத்திலேயே பியூஸ், முனைகளில் கிரீஸ். நான் பார்த்த எந்தப் பூமாலையும் அந்த வயர் போன அழகுக்குக் கிட்ட வராது.

சந்தை நாளில் அக்கரைக்குப் போனோம். கூடைகளோடு ஆட்கள் தயங்கித் தயங்கி ஏறினார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் குழாயைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல வேலையா இருக்கே. பதுளை வயரிங் பாஸ் யாரும் வந்து செஞ்சாங்களா?”

சித்தப்பா ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும். சித்தி குனிந்து கயிற்றை அவிழ்ப்பதுபோல் இருந்தாள்.

“இல்லைங்க. இவ செஞ்சது. என் சம்சாரம்.”

“பொம்பளை மாட்டுன வயர நம்பி நடுத்தண்ணிக்கா?” என்று தலைப்பாகைக்காரர் கூடையோடு இறங்கினார். அவர் பின்னாலேயே இன்னொருவரும். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள், இறங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கரைக்குக் குதித்து அவர்கள் பின்னால் ஓடினேன். “ஐயா, வாங்க ஐயா, நல்ல வயருங்க, நானே பாத்தேன்.”

“விடு பாப்பா, வந்து ஏறு” என்றார் சித்தப்பா. குரலில் கோபமே இல்லை.

பொத்தானைத் தொட்டதும் மோட்டார் பிடித்தது. சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளை அத்தனை உயரமாக நான் அதுவரை கண்டதில்லை. மூக்கு தாழ்ந்து, தண்ணீரை நேராகக் கிழித்துக்கொண்டு, இரண்டு இடம் காலியாகவே படகு போனது. எனக்கு அந்த இரண்டு இடத்திலேயே கண். ஒரு தலையாட்டலில் அவர்களை உட்காரவைத்திருக்கலாமே. சித்தப்பா நல்லவர்தான், ஆனால் வியாபாரம் தெரியாத மனிதர் என்று அன்று முடிவு கட்டினேன்.