கொண்டை ஊசிச் சோதனை

ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கே உணவாகி, என் பாதங்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வீடு வந்தேன். நரம்புக்கான சத்து தவிட்டில் உண்டென்று மருத்துவர் சொன்னதும், மனைவி நெல் விளையும் பாலிக் புலா கிராமத்திலிருந்து தவிடு வரவழைத்துக் கஞ்சி காய்ச்சினாள்.

"மாட்டுத் தீனியா எனக்கு?"

"மாடு நாலு கால்லயும் நேரா நடக்குதுங்க. உங்களுக்கு ரெண்டே தடுமாறுதே!"

குடித்தேன். தினமும் கண்ணை மூடச் சொல்லி, என் பாதத்தைப் பிடித்துக் கொண்டை ஊசியால் குத்திப் பார்ப்பாள். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. உணர்ச்சி திரும்பிய அன்று, மறுநாளும் அவள் பாதத்தைப் பிடிக்க வேண்டுமென்று, தெரியவில்லை என்றேன்.

"அப்புறம் ஏன் காலை இழுத்தீங்க? சரி லா, நாளைக்கும் குத்துறேன்."

அவள் மறைந்து ஓராண்டாகிறது. இந்தத் தள்ளாத வயதில் நான் பார்க்கும் நரம்பு மருத்துவர் அதே சோதனையை மெல்லிய நைலான் இழையால் செய்கிறார். அவரிடம் நான் பொய் சொல்வதில்லை.